தாமிரபரணிக் கரையில் துப்புரவுப் பணி: எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது

நீங்கள் கேட்டிருப்பது இது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் தாமிரபரணியை ஒட்டி உங்கள் மாமாவுக்கு வயலும் வாழைத் தோப்பும் இருக்கின்றன; கொஞ்ச தூரத்தில் திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம். திருநெல்வேலியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு வந்து ஆற்றைச் சுத்தம் செய்யவும், பிள்ளைகளுக்கு வயலையும் பறவைகளையும் காட்டவும் நினைக்கிறீர்கள். எப்படித் தொடங்குவது, இதனால் ஆற்றுக்கு நிஜமாகவே பயன் உண்டா?

பயன் நிச்சயம் உண்டு. ஆனால் எத்தனை மூட்டை குப்பை எடுத்தோம் என்று பார்த்து அதை அளக்காதீர்கள். அதே இடத்துக்கு அடுத்த மாதம் போகும்போது குப்பை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைய வேண்டுமென்றால், குப்பை போடுகிறவர்களோடும் அந்தக் குப்பையால் நஷ்டப்படுகிறவர்களோடும் உங்களுக்குப் பழக்கம் வேண்டும். மாதாமாதம் போவதன் பெரிய லாபமே அந்தப் பழக்கம்தான்.

முதலில் திருப்புடைமருதூரைத் தெரிந்துகொள்ளுங்கள். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. கோபுரத்துக்குள் இருக்கும் நாயக்கர் கால ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்தக் கோயிலைச் சுற்றியும் கரையிலும் நிற்கும் பெரிய மரங்களில்தான் மஞ்சள் மூக்கு நாரையும் சாம்பல் நாரையும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005இல் அரசு இதைக் காப்பகமாக அறிவித்தது. மொத்தப் பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை, ஏறத்தாழ ஏழு ஏக்கர். பறவைகளைக் காக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே முன்வந்ததால் நடந்த காரியம் இது.

சட்டப்படி இது சரணாலயமும் கிடையாது, தேசியப் பூங்காவும் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் உருவான தனி வகை. அக்கம்பக்கத்து மக்களிடம் கலந்து பேசித்தான் இதை அறிவிக்க முடியும். இதற்கான நிர்வாகக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். ஆகவே நீங்கள் போய்ப் பேச வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம் மட்டும் இல்லை. ஊராட்சித் தலைவர், கோயில் நிர்வாகம், கரையில் டீக்கடை வைத்திருப்பவர், மீன் பிடிப்பவர் என்று எல்லோரையும் பார்த்துவிடுங்கள். பறவைகளை இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் அவர்கள். எங்கே குப்பை சேர்கிறது, யார் கொட்டுகிறார்கள், எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏழு ஏக்கரை வைத்துக்கொண்டு இத்தனை பறவைகள் பிழைக்க முடியாது. மரம் கூட்டுக்கு மட்டும். தீனிக்கு அவை சுற்றியுள்ள வயல்களுக்கும் குளங்களுக்கும் ஆற்றின் ஆழமில்லாத பகுதிகளுக்கும் போகின்றன. தண்ணீர் கட்டி உழுத வயலில் நண்டும் நத்தையும் தவளையும் இருந்தால்தான் கூட்டில் குஞ்சு வளரும். அதனால் உங்கள் மாமாவின் வயலும் அந்தப் பறவைகளுக்கு வேண்டிய இடம்தான். அங்கே என்ன மருந்து அடிக்கிறார்கள், காலி பாட்டிலை எங்கே போடுகிறார்கள் என்பதும் துப்புரவுக் கணக்கில் சேரும். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. சுத்தம் என்றதும் நம் மனதில் வருவது பெருக்கிக் கோலம் போட்ட வாசல். ஆற்றங்கரை அப்படி இருக்கக் கூடாது. நாணல், கோரை, தாழம்புதர், விழுந்து கிடக்கும் மரக்கிளை, மட்கும் சருகு, இதெல்லாம் குப்பை இல்லை. நாணலும் தாழையும் வேரால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீருக்குள் இறங்கிய வேர்களுக்கு இடையில் மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன. நீர்நாய் பகலில் படுப்பது அடர்ந்த கரைப் புதரில். செங்குத்தாக நிற்கும் மண்கரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். சிலவற்றின் வாயில் வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கும், உள்ளேயிருந்து மீன் வாடை வரும். அது மீன்கொத்தியின் கூடு. பஞ்சுருட்டானும் இப்படித்தான் மண்ணைக் குடைந்து முட்டையிடும். ஜேசிபி வைத்துக் கரையைச் சீவிச் சமன் செய்தால் ஒரே காலையில் அத்தனை கூடும் போய்விடும். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பார்வைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். யாராவது உங்களுக்கு இலவசமாக ஜேசிபி தர முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

விவசாயிக்கும் இதில் நஷ்டம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அப்படியொரு வெள்ளம் வரும்போது புல்லும் புதரும் இல்லாத மொட்டைக் கரை சுலபமாக அறுத்துக்கொண்டு போகும். அடுத்தது பட்டா நிலம்தான். மாமாவிடம் இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.

விதிவிலக்காக இரண்டு செடிகளை எடுக்கலாம். ஒன்று ஆகாயத்தாமரை, மற்றது நெய்வேலிக் காட்டாமணக்கு. இரண்டுமே வெளியிலிருந்து வந்து பரவியவை. ஆகாயத்தாமரையை எடுத்துத் தண்ணீர் ஓரத்திலேயே போட்டால் அடுத்த தண்ணீரில் மிதந்து போய் மறுபடி பிடித்துக்கொள்ளும். மேட்டுக்குக் கொண்டுபோய்க் காயவிட வேண்டும். காட்டாமணக்கை வெட்டினால் போதாது. நறுக்கிய தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் விடும், அதனால் வேரோடு பிடுங்கிக் காய வைக்க வேண்டும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: பக்கத்தில் எங்கேயோ சாக்கடை கலக்கும். சாக்கடையில் வரும் சத்தைத் தின்றுதான் அது அப்படிக் கொழிக்கிறது. அந்த வாய் அடைபடாத வரை செடியை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே அந்த இடத்தைப் போட்டோ எடுத்து, தேதி போட்டு, ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணி. தாமிரபரணியில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இதோடுதான். பாபநாசத்தில் நீத்தார் கடனும் பரிகாரமும் செய்ய வருகிறவர்கள், முழுக்குப் போட்டுவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். சேலை, வேட்டி, சட்டை எல்லாம் தண்ணீரோடு இறங்கி வந்து பாறையிலும் மரவேரிலும் சுற்றிக்கொள்ளும். மேலே மணல் படிந்த பிறகு ஒரு சேலையை வெளியே இழுக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். இன்றைய துணியில் பாதி பாலியஸ்டர், மட்கவே மட்காது. படித்துறையில் குளிக்கிறவர் காலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பாபநாசத்தில் ஒவ்வொரு பெரிய துப்புரவிலும் டன் கணக்கில் துணி எடுக்கிறார்கள். அடுத்த அமாவாசைக்கே மறுபடி சேர ஆரம்பித்துவிடும்.

உங்கள் பகுதி பாபநாசத்துக்குக் கீழே என்பதால் மிதந்து வரும் துணி உங்களுக்கும் வரும். எடுங்கள். ஆனால் ஒரு சிலரை மட்டுமாவது அமாவாசை அன்று மேலே படித்துறைக்கு அனுப்புங்கள். துக்கத்தோடு வந்திருப்பவரிடம் போய், ஆற்றை நாசம் செய்கிறீர்கள் என்று சண்டை போடக் கூடாது. சடங்கு செய்துவைக்கும் புரோகிதரும், அங்கே கடை வைத்திருப்பவர்களும் சொன்னால் மக்கள் கேட்பார்கள். 'முழுக்குப் போட்டுவிட்டு வாங்க, துணியை இந்தக் கூடையில் போடுங்க' என்று புரோகிதர் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் வைக்கும் பத்து அறிவிப்புப் பலகைக்குச் சமம். கூடை படிக்கட்டின் மேலே ஒரு மூலையில் இருந்தால் யாரும் தேடிப் போக மாட்டார்கள். ஈரத்துணியோடு கரையேறும் இடத்திலேயே இருக்க வேண்டும். மாலையில் அதைக் காலி செய்ய ஆள் வேண்டும். நிரம்பி வழிந்தால் அடுத்த துணி மறுபடி ஆற்றுக்குத்தான் போகும்.

ஆடி அமாவாசையைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து நாள்கணக்கில் தங்குவார்கள். அந்த இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறை சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்து பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கும். அந்த வேலைக்கும், திருவிழா முடிந்த பிறகு காட்டுக்குள் துப்புரவு செய்யவும் எப்போதும் ஆள் தேவைப்படும். காட்டுக்குள் நீங்களாகப் போகாதீர்கள், அனுமதி வாங்கி அவர்களோடு சேர்ந்து போங்கள். மலையிலேயே தடுத்துவிட்டால் கீழே பொறுக்க வேண்டிய வேலை பாதி குறையும்.

இப்போது வயல் பக்கம் வருகிறேன். பாபநாசம் அணையிலிருந்து கடல் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொன்றிலும் வாய்க்கால் பிரிகிறது. ஆற்றில் போட்ட பாலித்தீன் பையும் துணியும் வாய்க்காலுக்குள் போய் மடையிலும் ஷட்டரிலும் அடைத்துக்கொள்ளும். மேலே அடைத்தால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போகாது. ராத்திரியில் டார்ச் லைட்டோடு போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஷட்டரில் சிக்கிய சாக்கைக் கையால் இழுத்து எடுக்கும் விவசாயியை இந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆற்றுக் குப்பையால் உடனே அடிபடுகிறவர் அவர்தான். அவரைத்தான் முதலில் உங்கள் குழுவில் சேர்க்க வேண்டும். நகரத்திலிருந்து வருகிறவர்கள் மாதம் ஒரு நாள்தான் அங்கே இருப்பார்கள். அவர் தினமும் இருக்கிறார்.

அதற்கு நல்ல வழி, ஆற்றோடு சேர்த்து அவருடைய வாய்க்காலையும் சுத்தம் செய்து கொடுப்பது. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, அடுத்த பருவமான கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் வரை, அதாவது பங்குனி, சித்திரை, வைகாசியில் வாய்க்கால்கள் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். இறங்கி வேலை செய்ய அதுதான் சரியான காலம். அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து குடிமராமத்து செய்ததும் இதே மாதங்களில்தான். வீட்டுக்கு ஓர் ஆள், மண்வெட்டி, மதியம் கஞ்சி. பெரியவர்களிடம் கேட்டால் எந்த வாய்க்கால் எந்த ஊர்க்காரர் பொறுப்பில் இருந்தது என்றுகூடச் சொல்வார்கள். நகரத்துக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரு காலை முழுவதும் ஒன்றாக மண் வெட்டினால் அறிமுகம் தானாக வரும்.

வயல் ஓரத்தில் இரண்டு பொருளுக்கு ஜாக்கிரதை. முதலாவது கண்ணாடி. கரையில் குடித்துவிட்டு உடைத்துப் போடும் மது பாட்டில்கள் வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்துவிடுகின்றன. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாது. நடவு நடும் பெண்களின் காலைத்தான் கிழிக்கும். கண்ணாடியை எடுக்கத் தனிக் குழு, தடித்த கையுறை, பிளாஸ்டிக் வாளி வேண்டும். சாக்கில் போட்டால் தூக்குகிறவர் முதுகில் குத்தும். இரண்டாவது பூச்சிமருந்து பாட்டிலும் பாக்கெட்டும். மோட்டார் கொட்டகை ஓரத்திலும் வரப்பிலும் கிடக்கும். லேபிளில் சாய்சதுரத்துக்குள் நிறம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எந்த நிறமாக இருந்தாலும் பிள்ளைகள் தொடக் கூடாது. பெரியவர்கள் ரப்பர் கையுறையோடு எடுத்துத் தனிப் பையில் போட வேண்டும். மற்ற பிளாஸ்டிக்கோடு கலக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. மருந்து கலக்கும்போதே காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி ஓட்டை போட்டுவிடும்படி விவசாயிகளிடம் சொல்லுங்கள். வாய்க்காலில் அலசினால் மருந்து மீனுக்கும் நண்டுக்கும் போய், கடைசியில் கூட்டில் இருக்கும் குஞ்சுக்குப் போகும்.

அறுந்துபோன நைலான் வலைகளையும் விட்டுவைக்காதீர்கள். ஆள் போன பிறகும் வலை பிடித்துக்கொண்டேதான் இருக்கும். மீன், ஆமை, நீர்க்காகம், நீர்நாய் எது போனாலும் சிக்கும். கத்தியால் அறுத்து முழுவதையும் எடுத்துவிட வேண்டும். மீனவருடைய உபயோகத்தில் இருக்கும் வலையா என்று கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எடுத்த குப்பை எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் ஒரு சாக்குகூட நிரப்பக் கூடாது. கரையில் கட்டிவைத்த மூட்டையை நாய் கிழிக்கும், இல்லாவிட்டால் யாராவது தீ வைப்பார்கள், மழை வந்தால் மறுபடி ஆறு. முந்தின வாரமே ஊராட்சியில் பேசி, அன்றைக்கே வண்டி வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். எடுத்ததைக் கண்ணாடி, துணி, விற்கக்கூடிய பிளாஸ்டிக், மற்றவை என்று அங்கேயே பிரித்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வார். எதற்கும் உதவாத பிளாஸ்டிக்கை உள்ளாட்சிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகின்றன. அங்கே சேருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வகையையும் தொங்கு தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாவட்ட நிர்வாகத்திடம் பேசும்போது, 'இந்தப் படித்துறையில் ஆறு மாதமாகக் கிடைத்ததில் பாதிக்கு மேல் துணி' என்று எடை சொல்லிக் கேட்டால் கூடையும் வரும், ஆளும் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தடை செய்த பொருள் உங்கள் சாக்கில் வந்துகொண்டே இருந்தால் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று ஊராட்சிக்கு எடுத்துக் காட்ட அந்த நோட்டு போதும்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குப்பை பொறுக்குவதைவிடப் பறவை எண்ணுவதில் அவர்களைச் சேர்ப்பது நல்லது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. அனுபவம் இல்லாதவர்களும் தன்னார்வலர்களாகச் சேரலாம். ஒரு பைனாகுலரைக் கையில் கொடுத்து, குளத்தங்கரையில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை அரிவாள் மூக்கன், எத்தனை கரண்டிவாயன் என்று எண்ணச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். வயலில் நாற்றுப் பறிக்கவும் நடவும் மாமா சம்மதித்தால் அதையும் செய்யுங்கள். ஆனால் நடுகிற பெண்களின் கூலி வேலைக்கு நடுவே போய் நிற்காமல், ஒரு சின்னப் பாத்தியை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள்.

பறவைகள் கூட்டில் இருக்கும் மாதங்களில், அதாவது தை தொடங்கிக் கோடை வரை, திருப்புடைமருதூரில் மரங்களுக்கு அடியில் துப்புரவு வேண்டவே வேண்டாம். ஒலிபெருக்கி, டிரோன், விசில் எதுவும் கூடாது. தாய்ப்பறவை பயந்து எழுந்தால் காக்கையும் பருந்தும் முட்டையைத் தூக்கிவிடும், வெயிலில் குஞ்சு துவண்டுவிடும். கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். அந்த நாட்களில் ஆற்றின் வேறு பகுதியிலோ வாய்க்காலிலோ வேலை பாருங்கள்.

மரம் நட ஆசைப்படுவீர்கள். மருது, நாவல், புங்கை, இலுப்பை இந்தக் கரைக்கே உரியவை. மேட்டில் நடுங்கள், வெள்ளம் ஓடும் படுகையில் நடாதீர்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார் என்று பெயர் எழுதிவிட்டுக் குழி தோண்டுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. மேலே மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் விடுவதால் ஆற்றில் நீர்மட்டம் திடீரென்று ஏறும். அன்று காலையிலேயே நீர்வளத் துறை ஊழியரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் பிள்ளைகள் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் கரையிலேயே நிற்கட்டும், தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். குப்பைக் குவியலில் பாம்பு இருக்கும் என்றே நினைத்து, கையை விடும் முன் கொக்கியால் புரட்டிப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கேனில், சாப்பாடு வாழை இலையில், தம்ளர் அவரவர் கொண்டுவருவது.

முதல் மாதம் துப்புரவே வைக்காதீர்கள். நான்கைந்து பேர் மட்டும் போய், மாமாவோடு கரையில் ஒரு கிலோமீட்டர் நடங்கள். எங்கே துணி, எங்கே கண்ணாடி, எங்கே சாக்கடை, எங்கே மீன்கொத்திக் கூடு என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஊராட்சியிலும் வனத்துறையிலும் நீர்வளத் துறையிலும் அனுமதி கேளுங்கள். பங்குனிக்குள் இதை முடித்துவிட்டால் சித்திரையில் வாய்க்காலில் முதல் வேலையைத் தொடங்கிவிடலாம். ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்குள் இரண்டு ஞாயிறு வேலை நடந்திருந்தால், அந்த ஆண்டு கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாள் முன்னதாகப் போனது என்று விவசாயிகளிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.